வெளியே வராத வேன்

ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று புரியாவிட்டால் சதக்கத்துல்லாவுக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம், யாரும் திருத்த முடியாது. அரபு நாட்டுக்கு வந்து சத்வாவில் திரைச்சீலைக் கடை வைத்து இத்தனை வருஷம் ஆகியும், திரை மோட்டாரில் ஓடுவதற்கான கம்பி, கர்ட்டன் ரயில் என்பார்கள், புது மாடலில் ஒன்று வந்து இறங்கினால், வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அது அவர் மேஜையில் அக்கக்காகக் கழன்று கிடக்கும். திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் தெரியாம ஒண்ணு கூடப் போட்டுட்டான்" என்று சொல்லிவிடுவார். அவர் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், பின்னறையில் துணி வெட்டும் மேஜையை ஆளுகிறவள், அப்படி மிஞ்சிய ஸ்க்ரூக்களையெல்லாம் ஒரு ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறாள். பாட்டில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்குத்தான் கோர்ட்டிலிருந்து போனில் செய்தி வந்தது. அரபியில் இருந்ததை, மனு எழுதிக்கொடுக்கும் டைப்பிங் சென்டர்காரர் படித்துச் சொன்னார். அல் கூஸில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு திறந்த பார்க்கிங் இருக்கிறது. அதை நடத்தும் தனியார் கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. சதக்கத்துல்லாவின் கடை வேன் ஒரு புதன்கிழமை காலை உள்ளே போனதாம், அடுத்த திங்கட்கிழமைதான் வெளியே வந்ததாம். அத்தனை நாளும் மாதச் சந்தா கட்டியவருக்கு ஒதுக்கிய இடத்தில் நின்றதாம். நோட்டீஸ் அனுப்பியும் பதில் இல்லையாம். நோட்டீஸ் போனது அவர் என்றைக்கோ விட்டுவிட்ட பழைய நம்பருக்கு. கட்டணம், அபராதம், வழக்குச் செலவு என்று அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டால் அந்த வேனே மயங்கி விழும்.

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் தேதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அது அவரும் ஃபிர்தௌஸும் தங்கை மகன் நிக்காஹுக்காகக் கீழக்கரை போயிருந்த வாரம். கடைக்கு லீவு. வேன் சாவி கார்மேகத்தின் கையில் இருந்தது.

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரன். எட்டு வருஷமாக அவரிடம் வேலை. வேன் ஓட்டுவான், ஏணியில் ஏறி ரயில் அடிப்பான், திரைச்சீலை மாட்டுவான். சாயங்காலம் வேனைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஷார்ஜாவில் இருக்கும் ரூமுக்குப் பஸ் ஏறுவான். அந்த வாரம் அவனுக்குச் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: புதன்கிழமை அல் கூஸ் கிடங்கில் ஒரு லோடு துணி ஏற்றி வந்து கடையில் இறக்கு, வேனைப் பின்னால் போடு, பிறகு திங்கட்கிழமை வரை லீவு. திங்கள் காலை இன்னொரு லோடு.

திரைச்சீலை மாட்டுகிற தொழில் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜன்னல் இருக்கிற அறைக்கெல்லாம் ஆள் போக வேண்டும். படுக்கையறை வரைக்கும் போக வேண்டும். மேஜையில் வளையல் கழற்றி வைத்தபடி கிடக்கும், வீட்டுக்காரர் ஆபீசில் இருப்பார். கார்மேகத்தின் வார்த்தையை நம்பித்தான் கடையே நடக்கிறது. அவன் ஒரு விஷயத்தில் பொய் சொன்னான் என்றால் பிறகு எந்த வீட்டுக்கு அவனை அனுப்புவது? அடுத்த மாதம் அவன் விசாவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வேறு. வழக்கில் அந்தக் கம்பெனி சொல்வது உண்மையென்று ஆகிவிட்டால் கையெழுத்துப் போடுவதில்லை, கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவது என்று சதக்கத்துல்லா மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

"கார்மேகம், அந்தப் பொதன்கெழமை அல் கூஸ்ல என்ன நடந்துச்சு?"

"என்ன மொதலாளி, லோடு ஏத்துனேன், வந்துட்டேன். பன்னெண்டு மணிக்கெல்லாம் கடையில துணிய எறக்கிட்டேன்."

"காலையில எட்டு மணிக்குப் போனவன் பன்னெண்டு வரைக்கும் அங்க என்ன பண்ண?"

"கெடங்குல லேட்டு மொதலாளி. ஆள் இல்ல."

கிடங்குக்காரருக்குப் போன் போட்டார். அந்த ஆள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்: "நாங்க எட்டரைக்கே ஏத்தி அனுப்பிட்டோம் பாய். உங்க டிரைவர்தான் வெளியில பார்க்கிங்ல மத்த டிரைவருங்களோட நின்னுக்கிட்டிருந்தான்." போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கார்மேகம் ஏணியின் ரப்பர் காலை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சதக்கத்துல்லா மீனைத் தொடவில்லை. "பொய் சொல்றான் ஃபிர்தௌஸ். மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு" என்றார்.

"வேனைப் பத்திப் பொய் சொல்றானா, வேற எதையாச்சும் பத்திப் பொய் சொல்றானா?" என்று கேட்டாள் அவள். "ரெண்டும் ஒண்ணு இல்ல மச்சான்."

அந்த வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் ரோலாவுக்குப் போன சதக்கத்துல்லா, தெரிந்த டீக்கடையில் மெதுவாகக் காதில் போட்டுவைத்தார்: நல்ல டிரைவர் ஒருத்தன், ட்ரில் பிடிக்கத் தெரிந்தவன், யாராவது இருக்கிறானா? டீக்கடைக்காரர் பாலகுரு என்று ஒருவனைக் கூட்டிவந்து நிறுத்தினார். பையன் தெளிவாகத்தான் பேசினான். "கொஞ்சம் பொறு, கேஸ் ஒண்ணு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். இதை ஃபிர்தௌஸிடம்கூட அவர் சொல்லவில்லை.

முதல் விசாரணை வீடியோவில் நடந்தது. கடை மேஜையில் லேப்டாப்பை வைத்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார் சதக்கத்துல்லா. திரையில் நீதிபதி, கம்பெனியின் வக்கீல் ஆமிரா, ஹிந்தியில் கேட்டு அரபியில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். ஆமிரா இரண்டே படங்களைக் காட்டினாள். புதன் காலை வேன் உள்ளே போகும் படம் ஒன்று, திங்கள் காலை வெளியே வரும் படம் ஒன்று. நடுவில் எதுவும் இல்லை. "வெளியே வந்ததற்கு எங்களிடம் இந்த ஒரு படம்தான் இருக்கிறது. அவர் புதன்கிழமையே வந்துவிட்டதாகச் சொல்கிறார். எங்கே அந்தப் படம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதானே! சதக்கத்துல்லாவிடம் என்ன இருக்கிறது காட்ட? வேனில் ஜி.பி.எஸ். கிடையாது. டோல் கேட் பதிவாவது இருந்திருக்கும். ஆனால் அநாவசியச் செலவு எதற்கு, உள்ரோட்டிலேயே போய்வா என்று கார்மேகத்துக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான். நீதிபதி பொறுமையானவர். வேன் புதன்கிழமை வெளியே வந்ததற்கு ஏதாவது ஆதாரம் கொண்டுவரச் சொல்லி வேறு தேதி கொடுத்தார்.

லேப்டாப்பை மூடியதும் சதக்கத்துல்லாவின் பயம் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் அந்தப் பழைய குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை கார்மேகம் இரண்டாவது லோடுக்குப் போனது அவருக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் அவர் ஊரிலிருந்து வந்து இறங்கியபோது அந்தத் துணி கடையில் இருந்தது. வேன் புதன்கிழமையிலிருந்து அங்கேயே நின்றிருந்தால் முதல் லோடு எப்படிக் கடைக்கு வந்தது? டாக்சியில் வந்ததா? சரி, புதன்கிழமையே வந்துவிட்டது என்றால், திங்கட்கிழமை மறுபடி உள்ளே போன படம் எங்கே? உள்ளே இரண்டு தடவை போயிருக்க வேண்டும், வெளியே இரண்டு தடவை வந்திருக்க வேண்டும். கம்பெனியிடம் உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது ஒன்று, இவ்வளவுதான் இருக்கிறது.

மறுநாளே தன் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு அல் கூஸ் போய்விட்டார். அந்தப் பார்க்கிங்கில் தடுப்புக் கட்டை எதுவும் கிடையாது. இரண்டு கம்பம், இரண்டு கேமரா. வண்டி போகும்போது பின்பக்க நம்பரை அது படித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நேபாளி காவலாளிக்கு ஒரு கரக் சாய் வாங்கிக் கொடுத்து, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்.

"சரி பாய், கேமரா நம்பரைப் படிக்க முடியலேன்னா?"

"நம்பர் மாஃபின்னா காடியும் மாஃபி, பாய்" என்றான் அவன், நம்பர் இல்லையென்றால் வண்டியே இல்லை என்று ரொம்பச் சாதாரணமாக. "அந்தப் படமெல்லாம் தனியா ஒரு மூலையில போய் விழும். யாரும் பார்க்கறதில்ல."

சதக்கத்துல்லாவுக்குத் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வேறு யாராவது என்றால் அந்த விளக்கோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் போகவில்லை. காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார், சாய் ஒன்று குடித்தார், பிறகு டிக்கியைத் திறந்து வைத்தபடியே வெளியே ஓட்டிவந்தார். டிக்கிக் கதவோடு நம்பரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது. காவலாளி வாயைப் பிளந்து பார்த்தான்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிங் ஆப்பைத் திறந்து பார்த்தால், கார் இன்னும் அல் கூஸில்தான் நிற்கிறதாம். கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. கார் கீழே அவர் ஜன்னலுக்கு நேராக நின்றது.

"பார்த்தியா ஃபிர்தௌஸ்! இங்கயும் நிக்குது, அங்கயும் நிக்குது!" என்று குதித்தார்.

"யா அல்லாஹ்! ஒரு கேஸ் பத்தாதுன்னு ரெண்டாவது கேஸுக்கு விதை போட்டுட்டு வந்திருக்கீங்களா?" என்று கரண்டியோடு வந்தாள் அவள்.

மறுநாள் காலை போய்க் காரை மறுபடி உள்ளே விட்டு, ஒழுங்காக வெளியே எடுத்தார். கணக்கு முடிந்தது. உள்ளேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் வண்டி இரண்டாவது தடவை உள்ளே வருவதை அந்த மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. வெளியே போனதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க நின்றதாகப் பில் போட்டது. பில்லைக் கட்டிவிட்டு அதை ஏதோ பரிசுச் சீட்டுபோலச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். மனுஷருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆக, புதன்கிழமை வேன் வெளியே வந்தபோது கேமராவால் நம்பரைப் படிக்க முடியவில்லை. ஏன்?

"கார்மேகம், அன்னைக்குப் பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டிட்டு வந்தியா?"

ஏணியில் நின்றிருந்த கார்மேகம் கீழே இறங்கினான். "ஆமா மொதலாளி... அப்படித்தான் இருக்கும். கதவு சரியாச் சாத்தியிருக்க மாட்டேன்" என்றான், தண்ணீரில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்ததுபோல.

எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் கதவைச் சாத்தாமல் வண்டி எடுத்ததில்லை. துணி ஏற்றிய வேனில் கதவைத் திறந்துபோட்டால் மண் அடித்துவிடும் என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தவன் அவன். சதக்கத்துல்லாவுக்குக் கிடைத்த சந்தோஷமெல்லாம் ஒரு நொடியில் இறங்கிப்போயிற்று. வேண்டுமென்றே நம்பரை மறைத்திருக்கிறான். மறைத்துக்கொண்டு எங்கே போனான்? யாருக்காகப் போனான்? கேட்கவும் பிடிக்கவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்று முதல் இருவரும் வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

டைப்பிங் சென்டர்காரரை வைத்துக் கோர்ட்டுக்கு ஒரு மனு போட்டார்: அந்தப் புதன்கிழமை நம்பர் படிக்கப்படாமல் வெளியே போன வண்டிகளின் படங்கள் எல்லாவற்றையும் கம்பெனி காட்ட வேண்டும். தன் காரின் பில்லையும் கூடவே வைத்தார். நீதிபதி சரி என்றார்.

இரண்டாவது விசாரணைக்குக் கார்மேகத்தையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஃபிர்தௌஸ் பின்னறைக் கதவில் சாய்ந்து நின்றாள், கழுத்தில் அளவு நாடா தொங்க. ஆமிராவின் முகம் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. பெரிய மீன் சிக்கிய முகம்.

"நீதிபதி அவர்களே, பிரதிவாதி கேட்ட படங்களைத் தேடினோம். சாதாரணமாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வண்டிதான் இப்படி வரும். அன்று ஒரு டஜனுக்கு மேல். தயவுசெய்து பாருங்கள்" என்று சொல்லிப் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

ஒரு பிக்கப்பின் பின்பக்கம். நம்பர் பலகை முழுக்க மஞ்சளாக ஏதோ பட்டை பட்டையாகப் பூசி, நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். அடுத்தது ஒரு தண்ணீர் லாரி. அதே மஞ்சள், அதே சிவப்பு. அடுத்தது ஒரு மினி பஸ். கடைசியாக, கூரையில் கர்ட்டன் கம்பிகள் கட்டிய வெள்ளை வேன். நம்பரில் பாதி மஞ்சளுக்குள் போய்விட்டிருந்தது. நேரம் பதினோரு மணி.

"ஒரே நாள், ஒரே நிறம், ஒரே முறை" என்றாள் ஆமிரா. "இது தற்செயல் இல்லை. பார்க்கிங் கட்டணத்தை ஏமாற்ற ஒரு கூட்டமே வேலை செய்திருக்கிறது. இந்த வேனின் முதலாளி அதில் ஒருவர். இது இனிமேல் வெறும் கட்டண வழக்கு இல்லை, மோசடி."

மொழிபெயர்ப்பாளர் இதை ஹிந்தியில் சொல்லி முடிப்பதற்குள் சதக்கத்துல்லா படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டார். இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு அந்த மஞ்சளையும் சிவப்பையும் யாராவது விளக்க வேண்டுமா? சந்தனம். குங்குமம். அந்தப் புதன்கிழமை என்ன நாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கார்மேகத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் மோசடி என்ற சொல் முதலாளியின் பெயரோடு சேர்ந்து வந்ததை அவனால் தாங்க முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, லேப்டாப்பைப் பார்த்துக் கைகூப்பி, தெரிந்த ஹிந்தியில் கத்தினான்:

"சாப், மொதலாளிக்குத் தெரியாது! நான்தான் வச்சேன். அன்னைக்கு ஆயுத பூஜா, சாப். ஆயுத பூஜா!"

மொழிபெயர்ப்பாளர் அவன் சொன்னதை அப்படியே அரபியில் சொன்னார். ஆயுதம் என்றால் ஹிந்தியில் ஒரே அர்த்தம்தான். அவர் சொன்ன அரபி வார்த்தைகளில் ஒன்று சதக்கத்துல்லாவுக்கு நன்றாகத் தெரியும்: ஸிலாஹ். துப்பாக்கி, வெடிகுண்டு வகையறா.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஆயுதமா? வண்டிகளில் என்ன ஆயுதம் இருந்தது?" என்று கேட்டார். ஆமிரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஐயோ, ஐயோ! பார்க்கிங் கட்டணத்தில் ஆரம்பித்து மோசடிக்குப் போய், இப்போது ஆயுதக் கடத்தல் வரைக்கும் வந்து நிற்கிறது. சதக்கத்துல்லா கழுத்துப் பொத்தானை அவிழ்த்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பினால் மூன்று பேரும் ஜெயிலில் என்று முடிவு கட்டி, இத்தனை வருஷம் கடைவாசலில் பொறுக்கிய அரபியிலேயே இறங்கிவிட்டார்.

"லா, லா, லா! ஸிலாஹ் மாஃபி! ஹாதா சாமான் ஷுகல்!" ஆயுதம் இல்லை, வேலை செய்கிற சாமான். மேஜையிலிருந்த கத்திரிக்கோலைத் தூக்கிக் காட்டினார். நீதிபதியிடம் கத்திரிக்கோலை நீட்டுகிறோமே என்று பயந்து உடனே கீழே வைத்தார். ட்ரில் மெஷினைத் தூக்கினார். அது துப்பாக்கி மாதிரியே இருக்கிறது என்று ஃபிர்தௌஸ் பின்னாலிருந்து சீறியதும் அதையும் வைத்துவிட்டு, அளவு நாடாவை அவள் கழுத்திலிருந்தே உருவிக் காட்டினார்.

நீதிபதியின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. "மெதுவாகச் சொல்லுங்கள். அந்த மஞ்சள் என்ன?"

சந்தனத்துக்கு அரபியில் என்ன? தேட வேண்டியே இல்லை. அத்தர்க் கடைக்குப் போகிற எவனுக்கும் தெரியும். "ஸந்தல்" என்றார் சதக்கத்துல்லா.

"ஸந்தல்!" என்றார் நீதிபதி. ஆமிராவும் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். "நம்பர் பலகையில் ஸந்தலா? எதற்கு?"

"இவங்க ஊர்ல ஒரு நாள் இருக்கு. வருஷத்துல ஒரு தடவை. ரோட்டுல ஓடுற வண்டி, தைக்கிற மெஷின், வெட்டுற கத்திரி, எது சோறு போடுதோ அதைக் கழுவித் துடைச்சு, ஸந்தல் வச்சு, அன்னைக்கு அதுக்கு ரெஸ்ட் குடுப்பாங்க. நன்றி சொல்ற மாதிரி. ஷுக்ர்." அரபி தீர்ந்துபோன இடத்தில் ஹிந்தியைப் போட்டு, ஹிந்தி தீர்ந்த இடத்தில் கையை ஆட்டிச் சொல்லி முடித்தார். "கூட்டம் எல்லாம் கிடையாது, ஸாஹிப். எல்லாம் டிரைவருங்க. யாரோ சந்தனத்தைக் கரைச்சுட்டாங்க, எல்லாரும் பூசிட்டாங்க. கேமரா என்ன செய்யும் பாவம்."

பிறகு நீதிபதி ஆமிராவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: படத்தில் இருப்பது பிரதிவாதியின் வேன்தான் என்று நீங்களே இப்போது சொன்னீர்கள் அல்லவா? அதில் நேரம் புதன்கிழமை பதினோரு மணி அல்லவா? மோசடி என்று நிரூபிக்கப் போய், வேன் அன்றைக்கே வெளியே வந்துவிட்டது என்பதை அவளே நிரூபித்திருந்தாள். கெட்டிக்காரப் பெண். தோற்றது தெரிந்ததும் சிரித்துவிட்டாள்.

வழக்கு தள்ளுபடி ஆனது. அன்று நின்ற சில மணி நேரத்துக்கான கட்டணத்தை மட்டும் கட்டச் சொன்னார் நீதிபதி. நம்பர் பலகையை எந்தக் காரணத்துக்காகவும் மறைக்கக் கூடாது, அதற்கு வேறு சட்டம் இருக்கிறது என்று கண்டிப்பாக எச்சரித்துவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

கார்மேகம் இன்னும் நின்றுகொண்டேயிருந்தான்.

"பெட்ரோல் பங்க்ல தண்ணி ஊத்தித் தொடைச்சுட்டுத்தான் மொதலாளி சத்வாவுக்கு வந்தேன்" என்றான் மெதுவாக. "வேன் உங்க வேன். அதான்."

வழக்கில் ஜெயித்த மனுஷருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அதான்னா எதான்? நான் என்ன பண்ணியிருப்பேன் உன்னை? கடிச்சுத் தின்னுருப்பேனா? எட்டு வருஷம் ஒரே பாத்திரத்துல சோறு தின்னுருக்கோம்டா! என்னைப் பத்தி நீ நினைச்சு வச்சிருந்தது இதுதானா?"

கார்மேகம் தலையை நிமிர்த்தவில்லை. "வந்த மொத வருஷம் ட்ரில் மெஷினுக்குப் பொட்டு வச்சேன் மொதலாளி. குங்குமம், சின்னதா. நீங்க வந்து எடுத்துப் பார்த்தீங்க. ஒரு துணியை எடுத்துத் தொடைச்சீங்க. ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் உங்க சாமான் எதுலயும் நான் வச்சதில்ல. இந்த வருஷம்தான் நீங்க ஊர்ல இல்லையேன்னு..."

சதக்கத்துல்லா திகைத்துப் போய்விட்டார். ட்ரில் மெஷின். சிவப்பு. துணி. எங்கேயோ ஆழத்திலிருந்து அந்தக் காலை மேலே வந்தது.

"அட அல்லாவே!" என்று தலையில் கை வைத்தார். "அது துருன்னு நினைச்சேண்டா! துரு! புது மெஷின்ல அதுக்குள்ள துருவான்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்கே போனேனே!"

பின்னறை வாசலில் ஃபிர்தௌஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நல்லாத்தான் இருக்கு! கடைக்கு வர்ற எல்லாத்தையும் அக்கு வேற ஆணி வேறயாக் கழட்டிப் பார்க்கிற ஆளு. கூட இருக்கிறவன்கிட்ட எட்டு வருஷமா ஒரு கேள்வி கேட்டதில்ல" என்றாள்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, "நானும் ஒண்ணு சொல்லணும். உன்மேல சந்தேகப்பட்டு ரோலாவுல வேற டிரைவருக்குச் சொல்லி வச்சேன். பாலகுருன்னு ஒருத்தன்" என்றார்.

"தெரியும் மொதலாளி."

"என்னது?"

"அவன் என் ரூம்தான். எனக்கு மேல் கட்டில். நீங்க பேசிட்டுப் போன அன்னைக்கே வந்து சொல்லிட்டான்."

வேலை போகப்போகிறது என்று தெரிந்தே இவன் தினமும் காலையில் பஸ் ஏறி வந்து, ஏணியில் ஏறி, ஜன்னலுக்கு ஜன்னல் ரயில் அடித்திருக்கிறான். "தெரிஞ்சுமாடா வாயைத் தொறக்கல?" என்றார் சதக்கத்துல்லா.

"வேலை போனா வேற வேலை பார்த்துக்கலாம் மொதலாளி. நீங்க மறுபடி அந்த மாதிரி ஒண்ணும் பேசாம தொடைச்சுப் போட்டுட்டுப் போயிட்டீங்கன்னா... அதைப் பார்க்க எனக்கு முடியாது" என்றான் கார்மேகம்.

ஃபிர்தௌஸ் உள்ளே போய் மூன்று கிளாஸில் சாயா கொண்டுவந்து வைத்தாள். சதக்கத்துல்லா தன் கிளாஸைத் தொடாமல், மேஜையில் கிடந்த வேன் சாவியை எடுத்துக் கார்மேகத்தின் பக்கம் தள்ளினார்.

"விசாவுக்குப் பாஸ்போர்ட்டை நாளைக்கு எடுத்துட்டு வா. அடுத்த வருஷம் பானெட்டுல வை, கதவுல வை, எங்க வேணாலும் வை. நம்பர்ல கை வச்சே, கையை ஒடிச்சுருவேன்."

"சரிங்க மொதலாளி."

"ட்ரில்லுக்கும் வை."

"சரிங்க."

சதக்கத்துல்லா ஒரு வாய் சாயா குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். நெற்றி சுருங்கியது. அந்தச் சுருக்கம் ஃபிர்தௌஸுக்குத் தெரியும். ஊறுகாய் பாட்டிலை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"ஆமா கார்மேகம், டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துவீங்களே, அது எதுக்கு?"

"தெரியாது மொதலாளி. எல்லாரும் வைப்பாங்க, நானும் வைப்பேன்."

"இத்தனை வருஷமா வைக்கிற, எதுக்குன்னு தெரியாதா?" நாற்காலியை இழுத்து அவனருகே போட்டுக்கொண்டார் சதக்கத்துல்லா. "உக்காரு. மொதல்லேர்ந்து சொல்லு. அன்னைக்குக் காலையில நீங்கள்லாம் என்னென்ன பண்ணீங்க?"